கவியாவின் நோட்டில் நான் எழுதாமல் விட்டது

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மதிவதனிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் முதுகுவலி கம்மியாச்சா? வெள்ளிக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், அப்பா, கவியா, அவளுடைய பெரியம்மா எல்லம்மாள், வேங்கிக்கால் குழந்தைகள் நல ஆபீசிலிருந்து வந்த ஜோதியம்மாள் மேடம். ஐந்தே பேர். அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல்.

தாயில்லாத கவியாவை ஆபீசார் நம்மிடம் வளர்க்கக் கொடுத்துப் பத்து மாசம் ஆகிறது. நான் சீப்பை எடுத்தாலே ஊரைக் கூட்டுகிற பெண், எல்லம்மாள் வந்து உட்கார்ந்ததும் தானே சீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், பின்னி முடிப்பதற்குள் அவள் மடியிலேயே தூங்கியும் போனாள். எனக்கு வயிறு எரிந்தது மதி. பெங்களூரில் கட்டிட வேலைக்குப் போயிருந்தவள் இப்போது அடி அண்ணாமலையில் வீடு பார்த்துக்கொண்டு, இனிமே நானே வச்சுக்கிறேங்கனு வந்து நிற்கிறாள். நல்லவள்தான், அதுதான் ஜாஸ்தி எரிச்சல். அப்பா வேறு, பாரேன் ரெண்டுக்கும் ஒரே ஜாடைனு பூரித்துப்போனார். அன்று சாயங்காலம் அவருக்குச் சர்க்கரை போடாமல்தான் காபி கொடுத்தேன்.

விஷயம் இதுதான். கவியாவுக்கென்று தினமும் ஒரு நோட்டு எழுதுகிறேன், சாப்பாடு, இருமல், எடை, பள்ளிக்கூடம், எல்லாம் தேதி போட்டு. மேடம் அதைப் புரட்டிவிட்டு, இவ்ளோ சுத்தமா யாரும் எழுதுறதில்லம்மா, கொழந்த ஒருநாள்கூட பெரியம்மாவைக் கேக்கலியே, அப்ப இங்கயே இருக்கட்டும்னு குழந்தைகள் நலக் குழுவுல சொல்லிடறேன் என்றார். எல்லம்மாளின் முகம் செத்துப்போயிற்று. கேக்கவே இல்லீங்களாக்கா என்றாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கேட்டாள் மதி, பெரிம்மா எப்ப வரும்னு வாரம் தவறாமல் கேட்டாள். அதை மட்டும் நான் எழுதவில்லை.

நேற்று கோயிலில் நின்றும் ஒரு வரி பதிகம்கூட வாயில் வரவில்லை. இன்று காலை நோட்டை எடுத்து, நினைவிருக்கிற தேதிகளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன். முப்பத்தொரு தடவை. பொங்கலன்று மட்டும் மூன்று. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, இதைக் குடுத்தா புள்ள போயிடும் தனம் என்றார். தெரியும். செவ்வாய்க்கிழமை குழு கூடுகிறது, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எல்லம்மாளிடமும் என் வாயால் சொல்லப்போகிறேன்.

நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. அந்த மலை உனக்கு என்றும் துணை இருக்கட்டும். அப்பா இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார், நெற்றிக்கு விபூதி தபாலில் வரும்.

உன் அம்மா
தனம்

மறந்துவிட்டேன், உன் சின்ன வயசுப் பச்சைப் பாவாடை கவியாவுக்கு அளவாக இருக்கிறது, கழற்றவே மாட்டேன் என்கிறாள். உன்னைக் கேட்காமல் கொடுத்தனுப்ப மனசில்லை. கொடுக்கட்டுமா? சீக்கிரம் பதில் போடு.