மெதுவான வகை என்று எழுதினாயே

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்
12.9.2005

அன்பு மகள் ஜானட்டுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அந்த வெளிநாட்டுக் குளிரில் நீ சளி பிடிக்காமல் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் தம்பி ஜெரி என் பிராணனை வாங்குகிறான், அதற்குப் பாதிக் காரணம் நீ.

போன வருடம் கோயில் ரத்ததான முகாமில் அவன் ரத்தம் சுத்தமாக இருந்தது, இந்த மார்ச்சில் அதே முகாமில் கொடுத்த பிறகு கூப்பிட்டு எச்.ஐ.வி. என்றார்கள், அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். வைரஸ் படிப்பு படித்தவளாயிற்றே, அக்கா எழுதினால் தைரியம் வரும் என்று நான்தான் எழுதச் சொன்னேன். நீயும் நாலு பக்கம் எழுதினாய். கிருமி ரத்த அணுவுக்குள் நுழைய இரண்டு வாசல் உண்டு, தொற்றிய புதிதில் அநேகமாக முதல் வாசலைத்தான் பிடிக்கும், அந்த வகைக்கு எதிர்ப்புச் சக்தி மெதுவாகக் குறையும், இரண்டாவது வாசலைப் பிடிக்கும் வகை சீக்கிரமே தலைகாட்டினால் சரசரவென்று இறங்கும், நம் நாட்டில் பரவும் கிருமி அப்படி மாறுவது குறைவு என்று. எல்லாம் சரி. மெதுவான வகையும் குறைக்கத்தான் செய்யும், ஆளுக்கு ஆள் வேகம் மாறும், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கையைத் தவறாமல் அளந்து பார் என்றாயே, அதை ஏன் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாய்? அவன் அதுவரை படித்தால்தானே!

துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணுகிறவனுக்கு வாசல் என்றதும் புரிந்துவிட்டது. "எனக்கு ஸ்லோ கேட்டும்மா, அக்காவே எழுதிக்கீது, இன்னாத்துக்கு பேஜார் பண்ற" என்று என்னையே அடக்கினான். எந்த கேட்டுல பூந்தா இன்னாடா, உள்ள சரக்கு கொறையுதில்ல என்று கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தால் அன்றைக்குத்தான் இவனுக்குக் கப்பல் வரும். உன் அப்பாவோ, கல்லாட்டம் கீறான் உடேன் என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொள்வார். கடைசியில் போன வாரம் நானே இழுத்துப் போனேன். மார்ச்சில் சி.டி.4 எழுநூறு இருந்தது, இப்போது நானூறு. இவ்வளவுதான் உன் மெதுவான வகை.

இதற்கு நடுவில் கல்யாணம். பெண் தேவகிருபைதான், தண்டையார்பேட்டையில் நாம் பேசி வைத்த அம்மா இல்லாத பெண். அவளிடம் சொல்லிவிடு என்று தினமும் அரித்தேன். சொல்லிட்டேன் என்றான், அதற்கு இன்னா சொன்னா என்றால், பரவாயில்லைன்னா என்றான். நானும் நம்பித் தொலைத்தேன். நேற்று பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசை முடிந்ததும் அவனை மாதா கெபிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தினேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மெதுவான வகைதான் என்று அதையும் சேர்த்துக்கொண்டான். கோயிலாகப் போயிற்று, இல்லையென்றால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

அவள் அழவில்லை. எப்போலேர்ந்து என்று கேட்டாள், மார்ச்சிலிருந்து என்றான். பிறகு அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, அந்த டெஸ்டு எங்க எடுப்பாங்க அத்தே என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது, பாவி அவளைத் தொட்டிருக்கிறான்.

ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசிப் புதன்கிழமை அவளை நான்தான் அழைத்துப் போகிறேன், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். தம்பிக்கு எழுது, அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னை எந்தக் குறையுமில்லாமல் வைக்கட்டும். அந்தப் புதன் மாலை டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிடுவேன், எந்த வேலையில் இருந்தாலும் எடு. அந்தப் பெண் என் பக்கத்தில்தான் நிற்பாள். அவளுக்கும் இருக்கிறது என்று வந்தால் நான் அவளிடம் என்ன சொல்ல வேண்டும், அதை யோசித்து வை.

உன் அம்மா,
பா. சிலுவையம்மாள்