கேபிள் வேலை செய்யவில்லை

கடியப்பட்டணம்
20.2.2009

அன்புள்ள ஜெமியின் அப்பாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். ஜெமி திருவனந்தபுரம் நர்சிங் ஹாஸ்டலில் சுகம், சாப்பாட்டைத்தான் குறை சொல்கிறாள். சுகமில்லாதது உங்கள் பெட்டிகள்தான்.

மீன்பிடிப் போட்டின் எஞ்சின் அறைக்கு அடியில் தண்ணீர் ஏறினால் கத்தும் என்று மஸ்கட்டில் இருந்து செய்து அனுப்பினீர்களே, பதினொன்றும் கத்துகின்றன. தண்ணீர் ஏறாமலே கத்துகின்றன. அலையில் போட்டு ஒரு சாய்வு சாய்ந்து, அடியில் கிடக்கிற இரண்டு குடம் நீர் மூலைக்குப் போனால் போதும். கொளச்சலில் ததேயுஸ் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி செசிலி, உனக்க மாப்பிளைக்க பெட்டி கெட்டுன பெஞ்சாதியவிட மோசம். ஒரு காரணமும் இல்லாம கத்துது. நான் வயரை வெட்டிப் போட்டேன்.”

“வீட்டுலயும் அப்பிடித்தான் வெட்டுவியளா அண்ணா?” என்றேன். மீன் ஏலம் பிடிக்க நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் வயர் வெட்டினது வெட்டினதுதான். என் தம்பி அல்போன்ஸ் போவதும் அந்தப் போட்டில்தான். மற்றப் பத்துப் பேரும் வெட்டியாயிற்று.

போனில் நான் சொன்னதைக் கேட்டு, மூன்று எண்ணுவதற்குள் கத்துகிறதை முப்பது எண்ணும் வரை பொறுக்கும்படி திருத்திய புரோகிராமை சிடியில் அனுப்பினீர்கள். அதைப் பெட்டிக்குள் இருக்கிற சிப்பில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், சிப்பை இணைக்கிற, போன மாதம் வரை ஓடின கேபிளைக் கம்ப்யூட்டரில் இருக்கிற லினக்ஸ் இப்போது யார் நீ என்று கேட்கிறது. என்ன செய்ய? போனில் சொல்லாதீர்கள். தட்ட வேண்டிய சாய்ந்த கோடு, படுத்த கோடு எல்லாம் காற்றில் போய்விடுகிறது, கடைசியில் நாம் சண்டையில் நிற்கிறோம். எழுதுங்கள். நான் நாலாம் கிளாஸ்காரி. எனக்கு இங்கிலீஷின் அர்த்தம் தெரியாது, ஆனால் உருவம் தெரியும்.

போன லீவில் பத்து நாள் முந்தியே ஓடினீர்கள். கம்பெனி கூப்பிட்டது என்றீர்கள். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. கம்பெனிக்கு இன்னும் ஆசை தீரவில்லையா?

உங்கள்
செசிலி


மஸ்கட்
8.3.2009

அன்பு செசிலிக்கு,

கடிதம் கிடைத்தது. பழைய கேபிளுக்கு டிரைவர் என்று ஒன்று கெர்னலுக்குள், அதாவது லினக்ஸின் உள்ளறைக்குள் உட்கார வேண்டும். அப்டேட் வந்து உள்ளறை மாறினால் அது வெளியே நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்ப உள்ளே ஏற்றுவது பெரிய வேலை. உன்னால் ஆகாது. அதை விட்டுவிடு.

புதுக் கேபிள் ஒன்று வாங்கி மணவாளக்குறிச்சி ராஜமணியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். இதற்கு உள்ளே யாரும் உட்கார வேண்டாம். நாம் ஓட்டுகிற புரோகிராமே வெளியில் இருந்தபடி, யூஎஸ்பி வழியாகக் கேபிளோடு நேரே பேசிக்கொள்ளும். எத்தனை அப்டேட் வந்தாலும் கெடாது. தட்ட வேண்டிய வரிகளைத் தனித்தாளில் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

மே மாதத்துக்குள் இது நடக்கவில்லை என்றால் ஜூனில் லீவு கேட்டு நானே வருகிறேன். அப்போது நம் மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம், போட்டுகளும் கரையில் இருக்கும்.

பெட்டி கத்தாமல் கடலுக்குப் போகிறார்கள் என்பது எனக்கு உறக்கம் தரவில்லை.

யூஜின்


கடியப்பட்டணம்
29.3.2009

அன்புள்ள ஜெமியின் அப்பாவுக்கு,

ராஜமணி வந்து கேபிள் தந்தார். கூட ஒரு டப்பா பேரீச்சம்பழம், ஒரு தைலக் குப்பி. கேபிள் எனக்கு, தைலம் யாருக்கு? மூட்டு வலிக்கிற கிழவி என்று முடிவு செய்துவிட்டீர்களா?

உள்ளே போகாமல் வெளியில் நின்றே காரியம் முடிக்கும் கேபிள் என்று எழுதியிருந்தீர்கள். உடனே விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குள் நுழையாமல் வாசலில் நின்று பூசை காணும் ஆம்பிளைகளை நான் பார்த்ததில்லையா? நீங்களே அந்தக் கூட்டத்துக்குத் தலைவர்.

ஆனால் நடக்கவில்லை. கருங்கல் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, நீங்கள் எழுதின வரியை அப்படியே தட்டினேன். திரையில் வந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கோலம் சரியா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறேன், கம்ப்யூட்டரை விட்டுக் கடலைப் பார்க்கப் போகிறேன். மூன்றும் கரிந்துபோன மாதிரி இருக்கிறது.

நடக்காவிட்டால் ஜூனில் வருவது நிச்சயம்தானே?

செசிலி


மஸ்கட்
14.4.2009

அன்பு செசிலிக்கு,

நீ வரைந்தது சரி. அனுமதி இல்லை என்று அர்த்தம். கேபிளில் குறை இல்லை. வெளியிலிருந்து பேசலாம் என்றாலும், அந்தக் கேபிளைத் தொடச் சாதாரண ஆளுக்கு உரிமை உண்டு என்று ஒரு சின்ன ஃபைலில் ஒரு தடவை எழுதி வைக்க வேண்டும். அந்த ஒற்றை வரியும், எழுத வேண்டிய இடமும், கேட்டால் கொடுக்க வேண்டிய பாஸ்வேர்டும் தாளில் இருக்கிறது. எழுதிவிட்டுக் கேபிளைப் பிடுங்கித் திரும்பக் குத்து.

தைலம் உன் தோளுக்கு. மீன் பாத்திரம் சுமக்கிற பக்கம்.

யூஜின்


கடியப்பட்டணம்
10.5.2009

அன்புள்ள ஜெமியின் அப்பாவுக்கு,

தோள் சுகம். தைலம் நல்ல வாசம், பஸ்ஸில் என் பக்கத்தில் மீன் வாசம் என்று மூக்கைப் பிடிக்கிறவர்கள் இப்போது ஆஸ்பத்திரி வாசம் என்று பிடிக்கிறார்கள்.

கேபிள் வேலை செய்யவில்லை. நீங்கள் சொன்ன ஃபைலை எழுதினேன், பிடுங்கினேன், குத்தினேன். இந்தத் தடவை வேறே ஒரு கோலம் வந்தது, அதையும் வரைந்து வைத்திருக்கிறேன். நாலு நாள் பார்த்தேன். நாலு நாளும் அதேதான். இது நான் பார்த்து ஆகிற காரியமில்லை. வேலை தெரிந்த ஆள் நேரில் வந்து உட்கார வேண்டும்.

கடலோரத்து அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். ஃபேன் கடகட என்று சத்தம் போடும் என்பீர்களே, மாற்றியாயிற்று. ஜெமியிடமும் சொல்லிவிட்டேன், அவள் ஜூன் கடைசியில் லீவு போடுகிறாள். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று மட்டும் எழுதுங்கள். சுருக்கமாக எழுதினால் போதும், தேதிக்கு இரண்டு எண்தான்.

காற்று திரும்பிவிட்டது. ராத்திரி முழுக்கக் கடல் அரற்றுகிறது.

செசிலி


மஸ்கட்
3.6.2009

அன்பு செசிலிக்கு,

இந்தத் தடவை நீ வரைந்து அனுப்பியது, எதிரே இருக்கும் சிப் பதில் சொல்லவில்லை என்கிற வரி. கம்ப்யூட்டர் கேபிளோடு நன்றாகப் பேசிய பிறகுதான் அந்த வரி வரும். அதாவது கேபிள் வேலை செய்கிறது. சாக்கெட்டில் சிப் இல்லாமல் தட்டினால் எப்போதும் அதேதான் வரும். நாலு நாளும் சிப்பை வைக்க மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அதனால் லீவு கேட்கவில்லை. உன்னாலேயே முடியும்.

போன லீவில், அல்போன்ஸுடைய பிள்ளையின் ஞானஸ்நானச் சாப்பாட்டில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “இவரு வந்தா நமக்கு ஒரு தலையணை கூடுதல் வேணும், வேற ஒரு வித்தியாசமும் இல்ல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பெனி என்னைக் கூப்பிடவில்லை, செசிலி.

சிப்பை வைத்துத் தட்டு. போட்டுக்காரர்களைக் காக்க வைக்காதே.

யூஜின்


கடியப்பட்டணம்
17.6.2009

அன்புள்ள ஜெமியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. பிடிபட்டபின் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. அது வருமுன்பே நான் தோற்றுவிட்டேன்.

நீங்கள் சொன்ன ஃபைலை எழுதின அன்றைக்கே கேபிள் வேலை செய்தது. முதல் தட்டிலேயே சிப்பில் புரோகிராம் ஏறியது. நான் அடுக்களையில் போய் நின்று சிரித்தேன். பிறகுதான் தோன்றியது, இது நடந்துவிட்டால் நீங்கள் வரமாட்டீர்களே என்று. திரும்பப் போய்ச் சிப்பைக் கழற்றிவிட்டுத் தட்டினேன். வந்ததை வரைந்தேன். அழகாகவே வரைந்தேன்.

பத்தாம் தேதி ததேயுஸ் அண்ணன் போட்டில் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறியது. அடியில் ஒரு பலகை விட்டிருக்கிறது. பெட்டியின் வயர் வெட்டிக் கிடந்தது, யாருக்கும் தெரியவில்லை. எஞ்சின் நின்றபிறகுதான் பார்த்தார்கள். இடுப்பளவு. அல்போன்ஸும் மற்ற ஏழு பேரும் விடிய விடியச் சட்டியும் வாளியுமாக இறைத்து, வேறே ஒரு போட்டு கட்டி இழுத்துக் கரைக்கு வந்தார்கள். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அல்போன்ஸின் உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயிற்று.

அவன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான், கரண்டி பிடிக்க முடியாமல். “அக்கா, மச்சானுக்க பெட்டி கத்தியிருந்தா இவ்வளவு வந்திருக்காது. அந்த கேபிளு இன்னும் சரியாவலியா?” என்று கேட்டான்.

“இல்லடே மக்கா” என்று அதற்கும் பொய் சொன்னேன். சொல்லி முடித்ததும் கரண்டியை நான் வாங்கி அவனுக்கு ஊட்டினேன். அவன் ஏன் என்று பார்த்தான்.

அன்றைக்கு மத்தியானமே தொடங்கினேன். தடைக்காலமும் வந்து, போட்டுகள் எல்லாம் கொளச்சலில் கட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக ஏறி, பெட்டியைக் கழற்றி வந்து, சிப்பில் புதுப் புரோகிராம் ஏற்றி, திரும்பப் போய் மாட்டினேன். பதினொன்றும் முடிந்தது. வாளியில் தண்ணீர் எடுத்து, பெட்டியின் மிதவையை அதில் மிதக்கவிட்டு முப்பது எண்ணிப் பார்த்தேன். முப்பதில் கத்துகிறது. போட்டை ஆட்டினால் கத்தவில்லை. ததேயுஸ் அண்ணன் தன் கையால் வயரை முறுக்கிச் சேர்த்தார். அல்போன்ஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நேற்று வந்தான்.

தலையணைக் காரியம். நான் சிரிக்க வைக்கச் சொன்னேன். நீங்கள் இல்லாமல் பதினாறு வருஷம் தனியே நின்று பழகினவள், நீங்கள் வந்து நின்றால் எங்கே சாய்வது என்று தெரியாமல் அப்படிச் சொன்னேன். அதைச் சொல்லத் தெரியாமல் கேபிளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பெட்டிகள் சரி, கேபிள் சரி, ஃபேன் சரி. இங்கே நீங்கள் வந்து செய்ய ஒன்றும் பாக்கியில்லை. எதையாவது கெடுத்து வைக்கலாமா என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன், மனம் வரவில்லை.

சும்மா வாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு கேலி எழுதினேன். அடித்துவிட்டேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள்.

செசிலி