நல்ல தண்ணிக் குழாய்

ஜூன் 3, 2025, செவ்வாய்

புதுச் சமையலறையில் நல்ல தண்ணிக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. கருப்பண்ணன் போன வாரம்தான் புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனான். அதற்கு முன்னால் இருந்ததும் புதுக் குழாய்தான்.

வேறு பிளம்பரைக் கூப்பிடவும் வழியில்லை. கருப்பண்ணன் என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன். வெளியாளைக் கூப்பிட்டால் பங்காளி வீட்டில் ஒருத்தரும் நோம்பி, பண்டிகைக்குக்கூட வர மாட்டார்கள்.

"நீ திருகற திருகுக்கு எந்தக் குழா தாங்கும்?" என்கிறார் அத்தை. நான் என்ன லாரி டயரா கழற்றுகிறேன்?

ஜூன் 5, வியாழன்

அரிசிம்பருப்புச் சோறு கல்லுக் கல்லாக வந்தது. எத்தனை விசில் விட்டும் பருப்பு வேகவே இல்லை. அத்தை ரெண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "பழைய சமையக்கட்டுல ஒரு நாளும் இப்பிடி ஆனதில்ல."

இடித்துப் புதுசாகக் கட்டலாம் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். அதனால் பருப்பு வேகாததும் என் தலையில். கடைக்காரன் பழைய பருப்பைத் தள்ளிவிட்டானோ என்னவோ.

ஜூன் 8, ஞாயிறு

அத்தை எடப்பாடியிலிருந்து வாஸ்துக்காரரையே வரவழைத்துவிட்டார். அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். சிங்க் இருக்கும் இடம் தப்பாம். தண்ணீர் ஈசானிய மூலையில் விழ வேண்டுமாம். அதனால்தான் குழாய் நிற்காமல் சொட்டுகிறதாம். மேடையை உடைத்து சிங்க்கை மாற்று, ஜன்னலை அடை என்றார்.

ஜன்னலையா! நின்று சமைத்தால் கடலைக்காடு முழுக்கத் தெரிகிற என் ஜன்னலையா?

அத்தை நாளும் குறித்தார், என் வீட்டுக்காரர் தலையாட்டினார். கொத்தனார் காளியப்பனுக்குப் போன் போட்டு, புதன்கிழமை வந்து உடைக்கச் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகையாக வருகிறது. ம்ஹூம், அழ மாட்டேன். ஒடைக்கட்டும் பாக்கறேன். மொதல்ல எம்மேல கடப்பாரையப் போட்டுட்டு அப்பறம் ஒடைக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

கண்டுபிடிச்சிட்டேன்!

காலையில், சொட்டுக்கு அடியில் வைத்திருந்த சொம்பு நிரம்பிக் கிடந்தது. இருந்த எரிச்சலில் எடுத்து மடக்கென்று குடித்தேன். உப்பு! குடிக்கிறதற்குக் கேன் தண்ணி வாங்குவதால் இந்தக் குழாய்த் தண்ணியை இத்தனை நாள் யாரும் வாயில் வைக்கவில்லை. நல்ல தண்ணிக் குழாயில் எப்படி போர் தண்ணி வரும்? பருப்பு வேகாததற்கும் இதுதானே காரணம்?

மாடிக்கு ஓடினேன். ஆற்றுத் தண்ணி டேங்க்கும் போர் தண்ணி டேங்க்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆற்றுத் தண்ணி வராத நாளுக்கு உதவட்டும் என்று கருப்பண்ணன் ரெண்டு லைனையும் ஒரு பைப்பால் சேர்த்து, நடுவில் வால்வு வைத்திருக்கிறான். அந்த வால்வு முழுசாகத் திறந்து கிடந்தது.

அதை மூடிவிட்டு வந்து குழாயைக் கழற்றினேன். வாஷரில் போர் மணல் அப்பிக்கொண்டு ரப்பர் பிய்ந்திருந்தது. மணல் வருகிற வரைக்கும் எத்தனை புதுக் குழாய் மாட்டி என்ன? மல்லசமுத்திரம் போய் வாஷர் வாங்கி வந்து, லைனில் நின்ற உப்புத் தண்ணியை எல்லாம் ஓடவிட்டு, நானே மாட்டி இறுக்கினேன். அடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு? இல்லை. இல்லவே இல்லை! சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். "ஏனுங்க, மேல அந்த வால்வத் தொறந்து உட்டது யாருங்க?"

"போன மாசம் ஆத்துத் தண்ணி வரலீன்னு நாந்தான்... அப்பறம் மூட மறந்துட்டனாட்ட இருக்குது."

வாஸ்துக்காரர் ஈசானிய மூலையில் தேடிய தோஷம், என் முன்னால் லுங்கி கட்டிக்கொண்டு நின்றது.

ஆனாலும் இவருக்கு அத்தை மேல் இருக்கிற பயம் போகவில்லை. "அம்மா நாள் குறிச்சாச்சு, நான் எப்பிடி வேண்டாங்கறது?" என்று தலையைச் சொறிகிறார். அந்தப் பொறுப்பையும் நான்தான் சுமக்க வேண்டும் போல.

ஜூன் 11, புதன்

விடிந்ததும் அதே கடைப் பருப்பில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். பருப்பு பூவாக மலர்ந்திருந்தது. நெய் ஊற்றி அத்தை முன்னால் வைத்து, வால்வு கதையையும் சொன்னேன். அவர் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

அப்போதுதான் காளியப்பன் சம்மட்டியோடு வந்து சேர்ந்தார். நான் எழுந்திருப்பதற்குள் அத்தை எச்சில் கையோடு வாசலுக்குப் போய்விட்டார்.

"காளியப்பா, ஒடைக்கறதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"வாஸ்துக்காரரு சொன்னாருன்னு உங்க பையன் போன்ல சொன்னாரே?"

"அவரு சொன்னா? அது எம் மருமவ சமையக்கட்டு. அவளக் கேக்காம ஒரு கல்லத் தொடப்படாது, ஆமா."

இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது. காளியப்பன் சம்மட்டியை வாசலில் வைத்துவிட்டு, கால் கழுவி உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு தட்டு வைத்தேன்.