ஒரு மாதம் தாங்கும் பசை

கள்ளக்குறிச்சி,
4.8.2025

அன்புள்ள தங்கதுரைக்கு,

ஷேக் மைதீன் எழுதுவது. நானும் வீட்டில் ரஜியாவும் சுகம். கடலூர் வெயிலும் ஜெயில் சோறும் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரி ராஜாம்பாள் போன வாரம் மலையிலிருந்து இறங்கி வந்து கடையில் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். செப்டம்பர் முதல் வாரத்தில் உன்னை விட்டுவிடுவார்கள் என்று சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மரவள்ளி இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறதாம். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டாளாம்.

கடையில் வியாபாரம் சுமார். எல்லோரும் செல்போனிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் வரவழைத்துக்கொள்கிறார்கள். வந்த பொருள் பொருந்தாதபோது என்னைத் தேடி வருகிறார்கள். அதில்தான் பிழைப்பு ஓடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் ஜெயிலில் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். அவர்களுக்கும் தெரிந்தால் நல்லதுதான்.

கச்சிராயபாளையம் இளமாறன், உன் லோடு வண்டியில் அடிபட்டுச் செத்த தமிழழகனின் தம்பி, பெங்களூரிலிருந்து ஒரு டர்ட் பைக் வாங்கி வந்திருக்கிறான். காடு மேடு ஏறுகிற பந்தய வண்டி. நம்பர் பிளேட் கிடையாது, ஹெட்லைட் கிடையாது. இன்ஜினுக்குள் சுழல்கிற கேம்ஷாஃப்ட் இரண்டும் தேய்ந்துவிட்டன, புதுசு வரவழைத்துக் கொடுங்கள் என்றான். கொடுத்தேன்.

பார்சலைக் கொடுக்கும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். எப்போது ஸ்டார்ட் பண்ணப் போகிறாய் என்று. என் கடைக்குப் பக்கத்திலேயே பட்டறை போட்டிருந்தவன் நீ, உனக்கே தெரியும். அன்றைக்கே எழுப்புகிற வண்டி என்றால் கேமின் மேல் இன்ஜின் ஆயிலைத் தடவினால் போதும். வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் வண்டி என்றால் ஆயில் வழிந்து இறங்கிவிடும். முதல் உதையிலேயே இரும்போடு இரும்பு உரசி, புதுக் கேமின் மூக்கைச் சீவிவிடும். அதற்கு மாலிப்டினம் கலந்த கறுப்புப் பசைதான் வேண்டும். அது ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

அவன் சொன்னான்: “ஒரு மாசம் ஆவும் பாய். அதுவரிக்கும் கிக்கர தொடமாட்டேன். ஆனா அன்னிக்கு ஒரே ஒதையில எழுந்துக்கணும்.”

தங்கதுரை, புதுக் கேம் மாட்டியவன் எவனும் அன்று சாயந்திரம் தெருவையே அலற வைக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை. இவன் ஒரு மாதம் பொறுக்கிறானாம். பந்தயம் எங்கே என்று கேட்டேன். மலையில்தான் என்றான். எத்தனை பேர் ஓடுகிறீர்கள் என்றேன். இரண்டு பேர் என்றான். அந்த இன்னொரு ஆள் யாரப்பா என்றதற்குச் சிரித்தான்.

“அவுரு இன்னும் வர்ல பாய்.”

ராஜாம்பாள் சொல்லிவிட்டுப் போன தேதி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் வீட்டிலிருந்து ஒரு டப்பா கிரீஸ் கொண்டுவந்திருந்தான். வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ். பசைக்கு எதற்குத் தண்டச் செலவு, இதையே அப்பிக்கொள்கிறேன் என்றான். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தால் போதும். அந்தக் கிரீஸ் ஆயிலில் கரையாது, ஆயில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. சூடு ஏறியதும் கேம் பிடித்துக்கொள்ளும், இன்ஜின் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் பின்சக்கரம் அப்படியே நின்றால் ஆள் பள்ளத்தில் கிடப்பான்.

டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்தேன். பசையை எடுத்துக் கொடுத்தேன். அளவும் சொல்லிக் கொடுத்தேன்: கண்ணுக்கு மை இடுகிற மாதிரி மெல்லிசாகப் போதும், ஜாஸ்தி போட்டால் கிளட்ச் நனைந்து ஏற்றத்தில் வழுக்கும் என்று. கேட்டுக்கொண்டான். அவன் வண்டி நடுவில் நின்றுவிடும் என்று நினைத்து நீ வந்துவிடாதே. நிற்காது.

போலீசுக்குப் போயேன் என்பாய். போய் என்ன சொல்ல? ஒருவன் ஒரு டப்பா பசை வாங்கினான் என்றா? சிரித்து அனுப்புவார்கள்.

நீ வெளியே வந்ததும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறாதே. பஸ்ஸிலிருந்து இறங்கி உன் வீடு வரைக்கும் அந்த மண்பாதையில் அவன் வண்டியை உன் மேல் ஏற்றினாலும் கேட்க ஒரு நாதி கிடையாது. நெய்வேலியில் உன் மச்சினன் வீட்டுக்குப் போ. ராஜாம்பாளை அங்கே கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு.

பிரேக் பிடிக்கவில்லை என்று நீ சொன்னாய், கோர்ட்டும் விபத்து என்று எழுதியது. பட்டறைக்காரன் வண்டியில் பிரேக் எப்படிப் பிடிக்காமல் போகும் என்று இளமாறன் கேட்கிறான். அதுவும் உனக்கும் அவன் அண்ணனுக்கும் மனைத் தகராறு நடந்த அதே வாரத்தில். நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

உடனே பதில் போடு.

உன் சினேகிதன்,
ஷேக் மைதீன்


கள்ளக்குறிச்சி,
19.8.2025

தங்கதுரைக்கு,

உன் பதில் வந்தது. தண்டனையை அனுபவித்தாயிற்று, திருடன் மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டு வரமாட்டேன், வெள்ளிமலை பஸ்ஸில்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறாய். அதோடு, “கிரீஸ் டப்பாவ அவங்கையிலயே வுட்டுட வேண்டிதுதான பாய், உனுக்கு இன்னா நஷ்டம்?” என்றும் கேட்டிருக்கிறாய்.

எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லைதான். டூப்ளிகேட் கிளட்ச் கேபிள் விற்காத யோக்கியன் இல்லை நான். விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன். ஆனால் கேபிள் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான், வந்து என்னைத் திட்டுவான். இது அப்படி இல்லை. அவன் அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். உனக்காக அவனைக் கொல்ல எனக்குக் கை வரவில்லை. அவனுக்காக உன்னைக் கொடுக்கவும் மனசு இல்லை. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நேரே கச்சிராயபாளையம் போனேன். வண்டியை எனக்கே கொடுத்துவிடு, நீ வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறேன் என்றேன். மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். வண்டி கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. உன் பெயரை நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து, “நல்ல சரக்கா குடுத்தீங்க பாய். அது போதும்” என்றான்.

இதை அவசரமாக எழுதக் காரணம் வேறு. இன்று காலை வடக்கனந்தலுக்கு வசூலுக்குப் போன என் மகன் சுபைர், வழியில் கச்சிராயபாளையத்தில் நின்றிருக்கிறான். இளமாறன் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஒரே ஒரு உதை உதைத்தானாம். எழுந்துவிட்டதாம். அணைப் பக்கமாகப் போய், மலை ரோட்டில் திரும்பிவிட்டானாம். கொட்டகை திறந்தபடி கிடக்கிறது. அவன் போன் அணைந்திருக்கிறது.

ஒரு மாதம் தொடமாட்டேன் என்றவன், தங்கதுரை. இன்னும் பாதி நாள்தான் ஆகியிருக்கிறது.

உன் விடுதலைத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்களா? நீ ஒரு வரி எழுதவில்லை. ராஜாம்பாளைக் கேட்கலாம் என்றால் மலையில் சிக்னல் இல்லை. எனக்கே தெரியாத தேதி அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சுபைர் காரில் எடுத்துக்கொண்டு இப்போதே கடலூருக்குக் கிளம்புகிறான். ஜெயில் வாசலில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பான். நான் இன்னொரு வண்டி பிடித்து உன் ஊர் மண்பாதைக்குப் போகிறேன். அங்கே அவனைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. காலில் விழவும் தயார்.

இது உன் கைக்கு வந்தால், விடுதலை உத்தரவே வந்திருந்தாலும், சுபைரின் முகத்தைப் பார்க்காமல் வெளியே கால் வைக்காதே. பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகாதே. வீம்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

ஒரு மனுஷனுக்குக் கதவு திறக்க வேண்டும் என்றுதான் இதுவரை துஆ கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கதவு இன்னும் சாத்தியே இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தை வாங்க நீ உள்ளே இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

ஷேக் மைதீன்