கண்ணாடி போடாமல் பார்த்த காகிதம்

என் மருமகளே, முகத்துவாரக்குப்பத்தின் முதல் வக்கீலம்மாவே,

ஆயிரம் முறை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை. நான் அடித்த மணி டெல்லி வரை கேட்டிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அன்று கம்பெனிக்காரன் நீட்டிய காகிதத்தைக் கண்ணாடி போடாமலே பார்த்தேன். எட்டு ஊருக்கு ஹெட்மாஸ்டர் மாதிரி தலையாட்டி, "ரோடு போடத்தான், கையெழுத்துப் போடுங்க" என்றேன். என்னை நம்பி நாற்பது வீடும் போட்டது. முதல் கைரேகை உன் அப்பாவுடையது.

அந்தக் காகிதம், கழிமுகத்துக்குப் போகும் வழியை அடைத்துச் சுவர் கட்டுவதற்கான சம்மதம். உன் அப்பாவின் படகு இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. என்னை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நீ உன் அம்மாவுக்கு அனுப்பிய எதிர்ப்பு மனுவை நேற்று வலை காயப்போடும் இடத்தில் ஊருக்கே உரக்கப் படித்தேன். மீன் விற்கும் தேசம்மா விடவில்லை. "மாமு, இந்தவாட்டி கண்ணாடி போட்டுகினு படி. ஒரு எழுத்து வுட்டாலும் ரேகை கெடையாது."

"அன்னிக்கு நான் படிக்கல. படிச்ச மாதிரி நடிச்சேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். வங்காள விரிகுடாவே ஒரு நிமிஷம் அலையடிக்காமல் நின்றது. மூன்று முறை படித்தேன். பிறகு உன் அப்பா எழுந்து வந்து, முதல் ஆளாக மையில் விரலைத் தோய்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம். நீயும் வா.

இந்தக் கடிதத்தையும் உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போடு" என்றார்.

போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மூக்கில் கண்ணாடியோடு,
உன் தாய்மாமன்