மூட்டை மேல் ஓடிய சிவப்பு வண்டி

திண்டிவனம்,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகன் ஆனந்தராஜுக்கு,

உன் நைனா கோதண்டபாணி சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம் இது. நம்பு. கவர் மேல் இருக்கும் இங்கிலீஷ் விலாசம் மட்டும்தான் முதியோர் வகுப்பு புனிதா டீச்சர் எழுதியது. மற்றதெல்லாம் நான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கை வலிக்கிறது. ஆனாலும் விட மனசில்லை.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல், நானே போர்டைப் படித்து விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். "விழுப்புரம் பஸ்ஸுல விழுப்புரத்துக்கு ஒரு டிக்கெட் குடு" என்று கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னேன். "வேற எந்த ஊருக்குக் குடுக்கப் போறேன் பெருசு?" என்று அவன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். டயர் கடை, பரோட்டா கடை, பல் டாக்டர். இத்தனை வருஷமாக இந்த ரோடு என்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.

விக்கிரவாண்டி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். உன் அண்ணன் சின்னதுரை வண்டியோடு விழுந்த இடம் அதுதானே.

அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன். போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நடு வீட்டில் வைத்துவிடுகிறாள். அடுத்த அறையில் சின்னதுரை படுத்திருக்கிறான். நான் என்னத்தைப் பேசுவது? குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஆடி மாதம் நீ ஒரு சேதி சொன்னாய், நினைவிருக்கிறதா? உங்கள் மோட்டார் சைக்கிள் கம்பெனி, செய்வதை நிறுத்திவிட்ட அந்தப் பழைய சிவப்பு ரேஸ் வண்டியை, உன் அண்ணன் ஓட்டின அதே வண்டியை, திரும்பக் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறது, பாதிப் பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் பழையது பழையதாகவே போகட்டும் என்கிறார்கள், உன் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள் என்றாய். நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதன் பிறகு இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் சின்னதுரை அறையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டைக் கடலை மூட்டையை அவனே சுவரோரம் நகர்த்தி, அதன் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்த வண்டியில் படுத்த மாதிரி குனிந்து ஓட்டுவானே, அதே மாதிரி குனிந்திருந்தான். கையில் துடைப்பக் கட்டை. மடங்காத வலது காலைப் பின்னால் மடக்கப் பார்க்கிறான். வேர்த்து ஊற்றுகிறது. டாக்டர் கெஞ்சியும், அம்மா அழுதும் இத்தனை வருஷமாக மடக்காத கால். சுவரைப் பார்த்தே படுத்திருந்தவன்.

என்னைப் பார்த்ததும் "இன்னா நைனா வேடிக்கை? வந்து கால புடி" என்றான். போய்ப் பிடித்தேன். அன்று முதல் தினமும் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் நேரத்தில் எங்களுக்கு அதே வேலை. அவன் மூட்டை மேல், நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கீழே. ஒருநாள் எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கச் சாக்குச் சரடால் அளந்தேன். "டைலர் கடை போட்டுக்கினியா நைனா? அப்பிடியே காலருக்கும் அளவு எடுத்துக்கோ" என்றான். சிரித்தான்டா. உன் அண்ணன் சிரித்தான். எனக்கு அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, சரடையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அம்மா சீக்கிரம் திரும்பிவிட்டாள். மூட்டை மேல் அவனைப் பார்த்துவிட்டாள். உனக்கு அவள் போன் போட்டுக் கத்தியது அன்றைக்குத்தான். "எமன் வண்டிய நீயே பெத்துக் குடுப்பியாடா? வேணாம்னு சொல்லுடா. மீறினா என் சாவுக்குக்கூட வராத" என்றாள். நீயும் "சரிம்மா, வேணாம்னே சொல்லிடறேன்" என்றாய். ஸ்பீக்கரில்தான் கேட்டது. எல்லாருக்கும் கேட்டது.

அவளைக் குற்றம் சொல்லாதே. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வெள்ளிக் கால் வாங்கிப் போட்டாள். "என் புள்ள எழுந்து நடந்தா போதும் தாயே, இனிமே வண்டி மேல அவன் காலு படாது" என்று வேண்டிக்கொண்டாள். தடி ஊன்றியாவது நடந்துவிட்டான். கொடுத்த வாக்கை மீறினால் ஆத்தா மொத்தமாக எடுத்துக்கொள்வாள் என்று அவளுக்குப் பயம். நசுங்கிப்போன வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று தலைக்குக் குளித்தவள் அவள். குறுக்கே வந்த எருமையை அவள் ஒரு நாளும் திட்டியதில்லை. வண்டியைத்தான் திட்டுகிறாள்.

நீ போனை வைத்த பிறகு சின்னதுரை என்னைக் கூப்பிட்டான். "மூட்டைய வித்துடு நைனா. இனிமே எனக்கு எதுக்கு?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. திரும்பவும் சுவர்ப் பக்கம் படுத்துவிட்டான். சோறு வைத்தால் வைத்தபடியே இருக்கிறது. நான் விழுப்புரம் போனது அதற்குத்தான். மடக்குவதை நிறுத்தினால் முட்டி திரும்ப இறுகிவிடும், அப்புறம் நம் கையில் இல்லை என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் எழுதுகிறேன். பயப்படாமல் படி. பம்பு செட்டில் இருந்த பூச்சி மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பூமாலையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். "இத எதுக்கு மாமா இங்க வெக்கிற?" என்று கேட்டாள். எலித் தொல்லை என்றேன். எதற்கு என்று உனக்கு நான் விளக்க வேண்டாம். கிணற்றுப் பக்கம் அவன் தடிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இந்த வயசில் எத்தனை நாள் ஓடுவேன்?

ஆனந்து, வண்டி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உங்கள் கூட்டம் தை மாதம் என்று சொன்னாய். அதில் வேண்டும் என்று சொல்லுடா. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். எனக்குப் பயம் இல்லை என்றா நினைக்கிறாய்? அந்த மாதிரி வண்டிச் சத்தம் கேட்டால் இப்போதும் ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிடுகிறேன். ஏறினால் அவன் திரும்ப விழலாம். விழுந்தவனை ஒரு தடவை தூக்கி வந்திருக்கிறேன், இன்னொரு தடவையும் தூக்குவேன். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவனை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை.

பழைய வண்டி அச்சு அசலாக அப்படியே வரவேண்டும் என்று சிலர் பிடிவாதம் செய்கிறார்கள் என்றாய். அவர்களிடம் இதைக் கேள். அன்றைக்கு அதை ஓட்டின பையன்களுக்கெல்லாம் இன்று என்ன வயசு? இவன் ஒருத்தனுக்கு மட்டும்தானா முட்டி மடங்காது? மிதிக்கும் கட்டையை ஒரு சாண் முன்னால் வைக்கட்டும், ஹேண்டிலைக் கொஞ்சம் தூக்கட்டும். சிவப்பு சிவப்பாகவே இருக்கட்டும். அந்தச் சாக்குச் சரடை இதோடு வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு அவன் இடுப்பு, இரண்டாவது முடிச்சு அவன் பாதம் போய் நின்ற இடம். மேசையில் வைத்து எல்லாருக்கும் காட்டு.

அம்மாவின் வேண்டுதலை நினைத்து நீ கலங்காதே. வருகிற அமாவாசைக்கு நான் மேல்மலையனூர் போகிறேன். வாக்கு கொடுத்தவள் அவள், மீறச் சொன்னவன் நான், கேட்பதானால் என்னைக் கேள் தாயே என்று ஆத்தாளிடம் சொல்லிவிட்டு வருவேன். அந்தப் பஸ் போர்டையும் நானே படித்துக்கொள்வேன்.

மூட்டையை நான் விற்கவில்லை. அதே சுவரோரம்தான் இருக்கிறது. விதைப்புப் பட்டம் தப்பினாலும் அதைப் பிரிக்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. பதிலைப் போனில் சொல்லாதே, கடிதமாகவே எழுது. பெரிய எழுத்தாக எழுது. அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானே அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். வண்டி வரும் என்று எழுதினால் போதும். வேறு என்ன எழுதினாலும் உன் நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, சாமி.

உனக்கு என் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் நைனா,
கோதண்டபாணி