சாதாக் காய்ச்சல்

அக்கா,

களத்தில் முண்டு மிளகாய் காய்கிறது. அந்த நெடியில் நான்கு நாளாக எனக்கு இருமல். இந்த முறை தாமதிக்காமல் டாக்டரம்மாவிடம் போனேன். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவரச் சொன்னார். நேற்று பரணில் தேடினால், ஒரே உறைக்குள் இரண்டு படங்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று உங்களுடையது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் நெஞ்சின் அடியில் அதே வெள்ளைத் திட்டு. மூலையில் பெயர் இல்லாவிட்டால் எது யாருடையதென்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். உங்களைக் கண்டாலே எனக்கு வயிறெரியும். இப்போது சொல்வதற்கென்ன. நான் வைத்த குழம்பை அத்தை மூடி வைப்பார்; உங்கள் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்பார். உச்சிப்புளியில் ஒரே கடையில் ஒரே நிறத்தில் சேலை எடுத்தாலும் உங்களுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது என்பார்கள். அதற்காக நீங்கள் ஒருநாளும் என்னிடம் அலட்டிக்கொண்டதில்லை. அது இன்னும் எரிச்சல்.

அந்த வருடம் இருவரும் சேர்ந்தே இருமினோம். மிளகாய் காயும் காலத்தில் இங்கே யார்தான் இருமவில்லை? "நெடிதான்த்தா, மோரக் குடி" என்றீர்கள். ஒரு வாரம் மோரே குடித்தோம். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். இருவருக்கும் நிமோனியா. எனக்குப் பன்றிக் காய்ச்சலால் வந்தது. உங்களுக்கு 'பி' வகை ஃபுளூவால்.

என்னைத் தனியறையில் போட்டார்கள். பயந்துகொண்டு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் உங்கள் கட்டிலைச் சுற்றி ஊரே நின்றது. சாத்துக்குடி, இளநீர், கஞ்சித் தூக்கு. வியாதியில்கூட உங்களுக்கு நல்லதாக வாய்த்திருக்கிறதே என்று பொருமினேன். டாக்டரம்மா இரண்டு படங்களையும் காட்டி, "கிருமிதான் வேற வேற. நுரையீரல் ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலத்தான் கெட்டிருக்கு. 'பி'ன்னா லேசுன்னு நெனச்சுராதீங்க" என்றார். எனக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. பெரிய வியாதி என்ற பெயராவது எனக்கு மட்டும் இருக்கட்டுமே என்றிருந்தது.

மறுநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து போனில் கூப்பிட்டீர்கள்.

"ஏத்தா, மிளகாப் பழம் செடியிலயே கெடக்கு, எடுக்க ஆளில்ல. டாக்டரம்மா இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லுது. இருக்கவா, போகவா?"

"ஒங்களுக்கென்னக்கா, சாதாக் காய்ச்சல்தான. எனக்குல்ல பெரிய வியாதி. போங்க."

அந்தக் கூட்டம் என் கண்ணில் படாமல் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. கண்ணாடியைத் தட்டி, "வாரேன்த்தா" என்று கையசைத்துவிட்டுப் போனீர்கள்.

மூன்றாம் நாள் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வார்டே உங்கள் பக்கம் திரண்டது. மறுபடியும் அக்காவுக்குத்தானா என்று ஒரு கணம் எரிந்தேன். பிறகுதான் அத்தை தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன்.

நான் பிழைத்து வீடு வந்தேன். நல்ல நாளில் முதல் இலை இப்போதும் மாலை போட்ட உங்கள் போட்டோவுக்குத்தான். இப்போதும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, மறைத்து என்ன. அந்தப் போன் பேச்சை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று அத்தை வந்து, எக்ஸ்ரேயின் மூலையில் உங்கள் பெயரைத் தடவிப் பார்த்து அழுதார்.

"இருடீன்னு டாக்டரம்மா சொல்லுச்சே, கேட்டாளா? யாரு பேச்சையும் கேக்க மாட்டாளே அவ."

என் பேச்சைக் கேட்டீர்கள், அக்கா.